ஒரே ஒரு கிக்காஃப்

டாலஸ் நாட்யுக்குக்கு அந்த வருடம் யார்மேல் கோபம் என்று கேட்பதைவிட, யார்மேல் இல்லை என்று கேட்டால் பதில் சீக்கிரம் முடிந்துவிடும். ட்ரெவிஸ் வீப் ஒருவன்மேல்தான் இல்லை. அதுவும் நவம்பர் மாதம் முதல் திங்கட்கிழமை மதியம்வரை.

ஆஸ்பன் ரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பேட்ஜர்ஸ் கால்பந்து அணிக்கு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பந்தைக் கையில் தூக்கி ஓடுகிற வகைக் கால்பந்து, டாலஸ் கேப்டன். ஆடும் இடம் சென்டர். குனிந்து பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த நொடியே எதிரே நிற்கும் நூற்று முப்பது கிலோவை நெஞ்சில் வாங்க வேண்டும். பந்தோடு ஓடுகிறவன் பெயர் பேப்பரில் வரும். சென்டர் பெயர் தப்பு செய்தால் மட்டும் வரும். நாலு வருடம் இதையே செய்து, ஐந்தாவது வருடத்தில் நிற்கிறவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஐந்துக்குமேல் ஆட விதி விடாது. அணியோ பிளேஆஃபைக் கண்ணால் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது. ஆறு அணிகளில் நாலாவதாக வந்தால் போதும். அதற்கும் வக்கில்லாமல் கிடந்தார்கள்.

அந்த வருடமும் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. மூன்று டவுனில், அதாவது மூன்று முயற்சியில், பத்து கெஜம் முன்னால் போக வேண்டும், இவர்கள் மூன்று டவுனில் நாலு கெஜம் பின்னால் வந்தார்கள். டாலஸ் உடைமாற்றும் அறையில் ஒருவர் விடாமல் திட்டினான். அவனிடம் பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் ரீஸ் கில்லஸ்பியைப் பார்த்து, "பந்தைக் கையில வெச்சுக்கிட்டு என்னடா பண்றே, தாலாட்டா பாடுறே?" என்று கேட்டான். ரீஸ் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது ஆட்டம் ஜெயித்தார்கள். ஐந்தாவதும் ஜெயித்தார்கள். திட்டினால்தான் வேலை நடக்கிறது என்று டாலஸ் முடிவு கட்டிவிட்டான்.

ட்ரெவிஸும் அவனும் ஒரே ஊர், ஒரே பள்ளி, இப்போது ஒரே வாடகை வீடு. ஆனால் ட்ரெவிஸ் ஐந்து வருடத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூட ஜெர்சி போட்டதில்லை. ஆட்ட நாளில் நாற்பத்தெட்டு பேருக்குத்தான் ஜெர்சி. மிச்சமிருப்பவர்கள் வாரம் முழுக்கப் பயிற்சியில் எதிரணிபோல நடித்து, நிஜ ஆட்டக்காரர்களிடம் அடி வாங்கிவிட்டு, சனிக்கிழமை கோட் போட்டுக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டில் உட்கார வேண்டும். காலை ஆறு மணிக்கு, மூக்குக்குள் முடி உறையும் குளிரில், டாலஸுக்கு எதிரே நின்று தினமும் நெஞ்சில் வாங்கியவன் ட்ரெவிஸ்தான். ஒருநாள்கூட முனகியதில்லை. டாலஸ் அவனை மண்ணில் புதைத்துவிட்டு எழுந்தால், கீழே கிடந்தபடியே, "இன்னிக்கு உன் இடது கால் லேட்டு" என்பான்.

ஆறாவது ஆட்டம் பழைய மாணவர்கள் வந்து கூடும் வாரத்தில். எதிரே வருவது இருக்கிற ஆறில் சப்பையான அணி. டாலஸ் நேராகக் கோச் லோர்ன் மக்கேபிடம் போனான்.

"கோச், சனிக்கிழமை ட்ரெவிஸுக்கு ஜெர்சி குடுங்க. ஒரே ஒரு கிக்காஃப். அவனுக்கு இது கடைசி வருஷம்."

கோச் சூயிங் கம்மை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "முப்பது புள்ளி முன்னால போங்க. அப்புறம் எறக்குறேன்."

டாலஸ் வீட்டுக்கு ஓடி வந்தான். ட்ரெவிஸ் அடுப்பில் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகியைப் புரட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கரண்டி நின்றது.

"வேணாம்டா" என்றான் ட்ரெவிஸ்.

"என்னடா வேணாம்?"

"வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு. நிஜமாவே வேணாம்."

இந்தச் சமவெளிப் பக்கத்துக்காரர்களின் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் காபி வேண்டுமா என்று கேட்டால்கூட முதலில் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டாலும் வேண்டாம்தான். மூன்றாவது முறை கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். முதல் கேள்விக்கே கை நீட்டினால் அலைகிறான் என்று பேச்சு வரும். மூன்றாவது முறையும் மறுத்தால் திமிர் என்று பேச்சு வரும். டாலஸும் அந்த மண்ணில் முளைத்தவன்தான். இரண்டு 'வேண்டாம்'களையும் எண்ணிக்கொண்டு மூன்றாவது முறை கேட்டான்.

"உங்கம்மாவுக்கு நான் போன் பண்ணிட்டேன். மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றாங்க. இப்ப என்ன சொல்றே?"

ட்ரெவிஸ் அடுப்பைப் பார்த்தான். "சரி" என்றான். "இவ்ளோ தூரம் வந்தப்புறம் என்ன சொல்றது."

டாலஸ் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தான். அவனுக்குத் தன்னைத்தானே பிடித்திருந்த நாள் அந்த வருடத்தில் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை முப்பத்திநாலுக்கு மூன்று என்று இருந்தபோது கோச் சுண்டுவிரலை ஆட்டினார். தொண்ணூற்று மூன்றாம் எண் ஜெர்சியில் ட்ரெவிஸ் ஓடினான். கிக்காஃபில் எதிரணிப் பக்கம் உதைத்த பந்து மேலே போய் இறங்குவதற்குள் எல்லாரையும் தாண்டிப் போய், பந்தைப் பிடித்தவனை அப்படியே தூக்கிக் கீழே போட்டான். படிக்கட்டில் ட்ரெவிஸின் அம்மா லோயிஸ் வீப் கையுறையோடு கைதட்டினாள், சத்தமே வரவில்லை, அதனால் எழுந்து குதித்தாள். ஓரக்கோட்டில் நின்ற டாலஸ் ஹெல்மெட்டைத் தரையில் அடித்துக்கொண்டு கத்தினான். அந்த ஒரு ஓட்டம்தான். ட்ரெவிஸ் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆட்டம் முடியும்வரை இருந்தான். கூச்சம் என்று டாலஸ் நினைத்துக்கொண்டான்.

ஏழாவது ஆட்டம் தோல்வி. எட்டாவதும் கடைசியுமான ஆட்டத்தில் பதினேழுக்குப் பதினேழு. எட்டு நொடி பாக்கி இருக்கும்போது டாலஸ் பந்தைப் பின்னால் அனுப்பினான், உதைக்கிறவன் உதைத்தான், பந்து கம்பத்துக்கு வெளியே போய்த் தொலைந்தது. ஆனால் கோட்டுக்குப் பின்னால் அதைப் பிடித்த எதிரணிக்காரன் வெளியே ஓடி வருவதற்குள் நாலு பேர் அவன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கும் ஒரு புள்ளி உண்டு. பதினெட்டுக்குப் பதினேழு. தவறிப்போன உதையால் பதினோரு வருடத்துக்கு அப்புறம் பிளேஆஃப். நாலு வெற்றி, நாலு தோல்வி, நாலாவது இடம். வரும் சனிக்கிழமை மேற்கே எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய் அரையிறுதி ஆட வேண்டும். டாலஸ் அழுதான். கண்ணில் புல் விழுந்துவிட்டது என்றான். அது செயற்கைப் புல்.

திங்கட்கிழமை மதியம் அவன் மிளகாய் போட்ட பீன்ஸை ரொட்டியோடு தின்றுகொண்டிருந்தபோது ட்ரெவிஸ் உள்ளே வந்தான். கோட்டைக் கழற்றவில்லை.

"டாலஸ், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"பிளேஆஃபுக்கு எல்லாரும் மறுபடி பாரத்துல கையெழுத்துப் போடணும்ல. மூணு பாடத்துக்குக் குறையாம படிக்கிறேன்னு."

"போட்டுட்டேன். நீ?"

"எனக்கு ரெண்டு பாடம்தான் இருக்கு. செப்டம்பர்ல ஒண்ணை விட்டுட்டேன்."

டாலஸ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். மூன்று பாடம் இல்லாதவன் ஆடினால் அந்த ஆட்டம் செல்லாது. உடைமாற்றும் அறைச் சுவரில் கை அகல எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ஆறாவது ஆட்டம் போனால் மூன்று வெற்றிதான். மூன்று வெற்றிக்குப் பிளேஆஃப் இல்லை. கணக்கு அவன் மண்டையில் ஒரே நொடியில் ஓடி முடிந்தது.

"யாருக்குத் தெரியும்?"

"டேய்..."

"யாருக்குத் தெரியும்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டு சனிக்கிழமை வரைக்கும் இரு. கையெழுத்தைப் போட்டுத் தொலை."

"சொல்லிட்டேன்" என்றான் ட்ரெவிஸ். "காலைலயே ஆபீஸ்ல போய் சொல்லிட்டேன். பொய்க் கையெழுத்து போட முடியல."

டாலஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் மோதியது. தட்டைத் தூக்கித் தொட்டியில் எறிந்தான், அது உடைந்தது, உடைந்ததற்காகத் தொட்டியைத் திட்டினான். ஃபிரிட்ஜை உதைத்தான். அவன் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. "பதினோரு வருஷம்டா! அறுபது பேருடா! உன் ஒரு கையெழுத்து சுத்தமா இருக்கணும்னு எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டுட்டியே! ரெண்டு பாடம்னு தெரிஞ்சுகிட்டே ஏன்டா ஜெர்சியைப் போட்டே?"

"நான்தான் வேணாம்னு சொன்னேனே."

"சும்மா சொல்றேன்னு நெனச்சேன்!"

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க" என்றான் ட்ரெவிஸ்.

அந்த நிதானம் டாலஸை இன்னும் எரித்தது. "எந்த மடையன்டா உன்னைப் பாடத்தை விடச் சொன்னான்?"

ட்ரெவிஸ் தரையைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து சொற்களைப் பிடுங்க டாலஸுக்குக் கால் மணி நேரம் ஆனது. செப்டம்பர் நடுவில் ட்ரெவிஸின் அப்பா ஆர்னால்ட் தானியக் குதிரின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். வயலில் கனோலாப் பயிர் பாதி அறுத்தபடி நின்றது. வாரம் மூன்று நாள் போய் கம்பைன் அறுவடை இயந்திரத்தை ஓட்ட ட்ரெவிஸைத் தவிர ஆளில்லை. இதுவரை டாலஸுக்கும் தெரியும், அப்புறம் நடந்ததுதான் தெரியாது. அவன் கோச்சிடம் போய் பயிற்சிக்கு விடுப்புக் கேட்டான்.

"சாமான் ரூம் வாசல்ல நின்னுட்டிருந்தாரு. அப்பாதான் முக்கியம், போ, பாடமும் கஷ்டமா இருந்தா ஒண்ணை விட்டுடு, நீ எப்படியும் ஆட்டத்துல எறங்கப் போறதில்லையேன்னாரு. அன்பாத்தான்டா சொன்னாரு."

"அப்புறம் எப்படிடா அவரே உனக்கு ஜெர்சி குடுத்தாரு?"

"அவருக்குத்தான் தெரியுமே, ஏதோ பேசி சரி பண்ணிட்டாரு போலன்னு நெனச்சேன். கேக்கக் கூச்சமா இருந்தது. பெஞ்சுல உக்காந்தப்புறம்தான் பயம் வந்துச்சு." அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். "இதை யார்கிட்டயும் சொல்லாத. பாடம் விட்டது எதுக்குன்னும் சொல்லாத. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தன்னாலதான் எல்லாம் போச்சுன்னு உக்காந்துடுவாரு. ஏற்கெனவே எழுந்து நடக்க மாட்டேங்கிறாரு."

"சரி சரி" என்றான் டாலஸ். ஆனால் அவன் காதில் விழுந்தது கோச் பெயர் மட்டும்தான். அவன் கோபம் அங்கேயே வேறு ஆளைப் பிடித்துவிட்டது.

அன்று முழுக்கவும் மறுநாள் காலையிலும் அவன் ஒன்றையே நம்பிக்கொண்டிருந்தான். கோச் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொல்வார். பிளேஆஃப் போகும். போகட்டும். அதையாவது ஒரு ஆம்பளை ஆம்பளை மாதிரி சொல்லட்டும்.

செவ்வாய் மதியம் கூட்ட அறையில் அறுபது பேர் உட்கார்ந்தார்கள். விளையாட்டுத் துறைத் தலைவி ஷெரில் பாட்டர் ஒரு தாளை வைத்துப் படித்தாள். ஆறாவது ஆட்டம் பறிக்கப்பட்டது. சனிக்கிழமை அரையிறுதிக்கு வேறு அணி போகும். அவள் படித்து முடித்ததும் தாளை மடித்துக்கொண்டு கதவோரமாக நின்றாள். பின் வரிசையில் முதல் வருடத்துப் பையன் ஒருவன் விசும்பினான்.

கோச் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எனக்கும் வயிறு எரியுது. பதினோரு வருஷம் நானும்தான் காத்துக்கிட்டிருந்தேன். நான் ஒண்ணுதான் சொல்லுவேன். இந்த ரூம்ல ஒருத்தனுக்கு விஷயம் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சும் எங்ககிட்ட மறைச்சுட்டு ஜெர்சியைப் போட்டான். அவன் பேரை நான் சொல்லப் போறதில்லை."

சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஐம்பத்தெட்டு தலைகள் ஒரே பக்கம் திரும்பின. ரீஸ் கில்லஸ்பி நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "ஒரு கிக்காஃப் ஓடி ஒரு சீசனையே கவுத்துட்டியே, ஹீரோ" என்றான். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்திரி உருண்டை பறந்து வந்து ட்ரெவிஸின் காதில் பட்டது. ட்ரெவிஸ் குனிந்து அதை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தான்.

டாலஸ் எழுந்தபோது அவன் முழங்கால் மேஜையில் இடித்தது, வலி அவனுக்குத் தெரியவில்லை.

"கோச், பாடத்தை விடச் சொன்னது யாரு? அதையும் சொல்லுங்க."

"என்ன சொல்றே நீ?"

"செப்டம்பர்ல அவங்கப்பா குதிர் ஏணியிலேருந்து விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டாரு. அறுவடைக்குப் போகணும்னு உங்ககிட்ட வந்து கேட்டான். ஒரு பாடத்தை விட்டுடு, நீ எப்படியும் எறங்கப் போறதில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. சாமான் ரூம் வாசல்ல. இப்ப மறைச்சுட்டான்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருது? ஜெர்சி வாங்கிக் குடுத்தது நான். அவன் வேணாம்னான், நான் கேக்கல. மறைச்சுட்டான்னு சொல்றதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்ல?"

டாலஸின் குரல் கடைசியில் உடைந்து கீச்சென்று வந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஷெரில் பாட்டர் கோச்சைப் பார்த்தாள். கோச் ட்ரெவிஸைப் பார்த்தார். ஒரு தெரியாத ஊரில் வழி கேட்க நிற்பவனைப்போல வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்டது யாரும் எதிர்பாராதது.

"அது நீயா?"

ட்ரெவிஸ் தலையசைத்தான்.

"அன்னிக்கு என்கிட்ட பேசினது டெரிக்னு நெனச்சேன்" என்றார் கோச். டெரிக் செப்டம்பரிலேயே அணியை விட்டுப் போனவன். ஒரே வருடம் இருந்தவன். அவனும் உயரம், அவனுக்கும் பொன்னிற முடி. "அவன் போயிட்டானேன்னு விட்டுட்டேன். நீன்னு தெரியாது. நிஜமா தெரியாதுப்பா."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது டாலஸுக்கு. ஐந்து வருடம். வாரத்தில் ஐந்து நாள். காலை ஆறு மணி. அந்த ஆளின் கண்ணெதிரே மண்ணில் விழுந்து எழுந்தவனின் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"பரவால்ல கோச்" என்றான் ட்ரெவிஸ்.

"பரவால்லயா?" டாலஸ் மேஜையைக் குத்தினான். "இன்னொரு தடவை பரவால்லன்னே, பல்லைப் பேத்துடுவேன்! எழுந்து கேளுடா! அந்தாளை நாலு வார்த்தை கேளு! உனக்கு சூடு சொரணையே கிடையாதா?"

ட்ரெவிஸ் எழுந்தான். டாலஸ் உள்ளூர மகிழ்ந்தான். கடைசியில் பையன் கத்தப்போகிறான்.

கத்தத்தான் செய்தான். கோச்சைப் பார்த்து அல்ல.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னுதானேடா உன்கிட்ட சொன்னேன்!" அவன் குரல் அவ்வளவு பெரிதென்று அதுவரை யாருக்கும் தெரியாது. "அப்பா விஷயத்தை வெளிய எடுக்காதேன்னு நேத்து வாய்விட்டு கேட்டேனா இல்லயா? இந்த ரூம்ல எங்கூர்ப் பக்கத்துப் பசங்க ஒம்போது பேர் இருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள அப்பா காதுக்குப் போயிடும். என்னாலதான் உங்க பிளேஆஃப் போச்சான்னு அவரு என்னைக் கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்? நீ வந்து சொல்லுவியா?"

"டேய், உனக்காகத்தான்..."

"எனக்காகவா? ஜெர்சியும் எனக்காகத்தான் வாங்குனே. வேணாம்னேன். இப்ப கோபமும் எனக்காகப் படுறே. அதுவும் வேணாம்னேன். அவருக்கு என் மூஞ்சி தெரியாது, சரி. உனக்கென்னடா கேடு? உனக்கு என்னைத் தெரியும்ல?"

அவன் கோட்டை எடுத்தான். ஒரு கை உள்ளே போகவில்லை, உதறினான், மறுபடி போட்டான். கதவோரம் நின்ற ஷெரில் பாட்டரிடம், "எக்ஸ்க்யூஸ் மீ" என்றான். அந்த நிலையிலும் அவனால் அதைச் சொல்லாமல் போக முடியவில்லை. தாழ்வாரத்தில் அவன் போனை எடுத்து, "அம்மா, அப்பா முழிச்சிருக்காரா? இல்ல, அவர்கிட்ட நானே பேசணும். வேற யாராவது கூப்பிட்டா எடுக்காதே" என்று சொல்வது அறைக்குள் எல்லாருக்கும் கேட்டது. பிறகு வெளிக்கதவு சாத்தும் சத்தம்.

கோச் தொப்பியைக் கையில் எடுத்தார், போட்டுக்கொள்ளவில்லை. ரீஸ் கில்லஸ்பி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாலஸ் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். கோச்சுக்கென்று அவன் நேற்றிலிருந்து தயார் செய்து வைத்திருந்த திட்டுகள் இன்னும் ஒரு வண்டி பாக்கி இருந்தன. ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தான். ஒன்று விடாமல் எல்லாம் தனக்கே பொருந்தியது. உட்கார்ந்தான்.